கோல் அம்பயர் விக்னராஜாவின் ஒரு விரல்

...வேண்டாம் எண்டு மூண்டு கடிதம் போட்டனான். மூண்டு. ஒண்டு கையால எழுதினது, மற்ற ரெண்டும் கந்தோர் மெசினில அடிச்சது. கேட்டாங்களே? நான் கிளப்புக்கு ஆயுட்கால அங்கத்தவராம். இந்தக் கழுத்துப் பட்டியைத் தபாலில அனுப்பி, விழாவுக்கு இதைக் கட்டிக்கொண்டு வா எண்டு எழுதியும் விட்டிருக்கிறாங்கள். பச்சையும் மஞ்சளும். மனுசன் கட்டுற நிறமே இது, சொல்லுங்கோ பாப்பம்.

இருங்கோ, பையை மடியில வைக்கிறன், நீங்கள் வடிவாக் காலை நீட்டுங்கோ. உங்கட கையில தமிழ்ப் பத்திரிகையைக் கண்டவுடன எனக்கு வாய் நிக்கேல்லை. குறை நினையாதேங்கோ. இந்தக் கிளென் வேவர்லி ரயிலில நான் தமிழ் கதைச்சு எவ்வளவு காலம். பேர் என்ன சொன்னியள்? சடகோபன். ஓ, ஐயங்கார் ஆக்கள். நான் விக்னராஜா, மானிப்பாய். இங்க வந்து ஆறு வருசம். எதில இறங்கப் போறியள்? கிளென் வேவர்லியிலயோ? நல்லதாப் போச்சு. கடைசி ஸ்ரேசன். அப்ப ஆறுதலாக் கதைக்கலாம்.

என்ன கிளப் எண்டு கேக்கிறியளோ? ஃபுட்போல் கிளப். வாட்டில் கிரீக் எண்டு ஒரு சின்னக் கிளப். நீங்கள் நினைக்கிற உதைபந்தாட்டம் இல்லை. இவங்கட விளையாட்டே வேற. பந்து முட்டை மாதிரி. ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். கையால குத்துவாங்கள், காலால அடிப்பாங்கள், ஒருத்தன்ர முதுகில மற்றவன் ஏறி நிண்டு பந்தைப் பிடிப்பான், அதுக்குச் சனம் கைதட்டும். ரெண்டு முனையிலயும் நாலு நாலு கம்பம் நட்டிருக்கும். நடுவில உயரமா ரெண்டு, அங்கால ஒண்டு இங்கால ஒண்டு கட்டையா. உயரமானதுக்கு நடுவுக்குள்ளால பந்து போனால் ஆறு புள்ளி. பக்கத்தால போனால் ஒரு புள்ளி. குறி தவறினவனுக்கும் புள்ளி குடுக்கிற விளையாட்டை நீங்கள் வேற எங்கயும் கண்டிருக்கிறியளோ? இங்க குடுப்பாங்கள். நல்ல மனம்.

நான் ஆடேல்லை, சீச்சீ. நான் கோல் அம்பயர். கம்பத்துக்கு நடுவில நிக்கிறவன். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, கையில ரெண்டு கொடி. தூரத்தில பாத்தால் இறைச்சிக்கடைக்காரன் வழி தவறி வந்து நிக்கிற மாதிரி இருக்கும். கோல் எண்டால் ரெண்டு கையையும் நீட்டி ரெண்டு சுட்டுவிரலைக் காட்டவேணும். பக்கத்தால போனால் ஒரு கை, ஒரு விரல். அவ்வளவுதான் உத்தியோகம். எங்கட சின்ன லீக்கில ஒவ்வொரு கிளப்பும் ஒரு ஆளைக் குடுக்கவேணும், ஒரு முனைக்கு ஒருத்தர்.

என்னை இதுக்குள்ள இழுத்து விட்டவன் ரொன். கந்தோரில எனக்குப் பக்கத்து மேசை. தண்ணிக் குழாய் படம் கீறுறது எங்கட வேலை. 74ஆம் ஆண்டு மார்ச்சில ஒருநாள் வந்து, "விக், உன்னைப்போல நேர்கோடு கீறுற ஆள் இந்தக் கந்தோரில இல்லை, நீதான் எங்களுக்குச் சரி" எண்டான். அவன் இப்ப கிளப்புக்குத் தலைவர். எனக்கு அப்ப கந்தோரையும் வீட்டையும் விட்டால் போக்கிடம் இல்லை. சனிக்கிழமையில ஒருத்தரும் எங்களைக் கூப்பிடவும் இல்லை. கேட்டான், ஓம் எண்டிட்டன். உண்மையைச் சொன்னால் சந்தோசமா இருந்தது.

அதுக்கு முதல் வருசம் வாட்டில் கிரீக் ஒரு ஆட்டமும் வெல்லேல்லை. ஒண்டும். 74இல என்ன நடந்ததோ தெரியாது, ஏப்ரலில மழைக்குள்ள முதல் ஆட்டம் ஒரு புள்ளியால வெண்டாங்கள். அடுத்தது நாலு புள்ளியால. ஜூனுக்குப் பிறகு நிப்பாட்டேலாமல் போச்சு. முந்தி நாயோட உலாத்த வந்த நாலு பேர்தான் பாக்கிறது. ஓகஸ்டில கார் நிப்பாட்ட இடமில்லை. என்ர மனுசி சந்திரவதனாவும் வந்து, பாதி ஆட்டத்தில பெடியளுக்குக் குடுக்கத் தோடம்பழம், உங்கட ஆரஞ்சு, வெட்டுவா. குளிருக்குள்ள ஏன் இவங்களுக்குத் தோடம்பழம், கொத்தமல்லிக் கோப்பி குடுக்கலாமே எண்டு என்னட்டக் கேட்டவா. நான் எதெண்டு விளங்கப்படுத்துறது.

இவ்வளவுக்கும் காரணம் கெவின். எங்கட வீட்டுக்குப் பால் போடுறவன். விடியக் காலமை வண்டியில போத்தல் கொண்டு வருவான், சனிக்கிழமை பின்னேரம் கோல் அடிப்பான். அந்த வருசம் எண்பத்தேழு கோல். எண்பத்தேழுக்கும் ரெண்டு விரல் காட்டினதில பாதி நான்தான். பெரிய லீக் கிளப் ஒண்டில இருந்து ஒரு மனுசன் கொப்பியும் பென்சிலுமா வந்து அவனைப் பாத்திட்டுப் போனவர். கடைசி ஆட்டத்தை நல்லா ஆடு, அடுத்த வருசம் எங்களிட்ட வா எண்டு சொன்னவராம். பால் வண்டியை விட்டிட்டுப் போகலாம், பாருங்கோ.

எங்க எழும்புறியள்? இது ஹோல்ம்ஸ்கிளென். இன்னும் நாலு கிடக்கு. இருங்கோ.

கடைசி ஆட்டம் செப்டெம்பர் இருபத்தோராம் திகதி. சனிக்கிழமை. கலண்டரைப் பாத்தால் புரட்டாதி முதற்சனி. உங்கட பக்கத்தில புரட்டாதிச் சனி பெருமாளுக்கு, எங்களுக்குச் சனீஸ்வரனுக்கு. போதாததுக்கு எனக்கு அப்ப ஏழரைச் சனி. சந்திரவதனா விடமாட்டன் எண்டிட்டா. முழுகி, எள்ளெண்ணெய் எரிச்சு, எள்ளுச்சாதம் காகத்துக்கு வைச்சு, அது திண்ட பிறகுதான் வாயில தண்ணியெண்டாலும் படவேணும். மானிப்பாயில இது ஒரு வேலையே? இலையை எடுக்க முதல் கூரையில பத்து நிக்கும். இங்க வேலியில வைச்சிட்டு ஒரு மணித்தியாலம் பாத்துக்கொண்டு நிண்டன். மக்பை வந்தது, புறா வந்தது. காகம் வரேல்லை. மக்பை கறுப்பும் வெள்ளையும், கணக்கில சேருமோ எண்டு மனுசியைக் கேட்டன். பாதிக் காகம் செல்லாது எண்டிட்டா.

என்ன செய்யிறது. சாதத்தைப் பேப்பரில சுத்திக்கொண்டு மைதானத்துக்குப் போனன். அங்க பெரிய யூக்கலிப்டஸ் மரம் ஒண்டில காகம் இருக்கிறது எனக்குத் தெரியும். மேற்குப் பக்கக் கோலுக்குப் பின்னால, எனக்கு நேர் பின்னால, புல்லில விரிச்சு வைச்சிட்டு வந்து நிண்டன். மரத்தில ஒரு காகம் இருந்தது. இருந்ததுதான். இறங்கேல்லை. முதற் கால்வாசி ஆட்டம் முடிஞ்சுது, ரெண்டாவது முடிஞ்சுது. சனம் முழுக்கச் சுடச்சுட இறைச்சி அடைச்ச பணியாரம் சாப்பிடுது. மச்சம் தொடாத விரதக்காரன் எனக்கும் அந்த மணத்துக்கு வாயூறினது. சனீஸ்வரன் மன்னிக்கட்டும்.

கடைசி நிமிசம். நாங்கள் மூண்டு புள்ளி பின்னுக்கு. எங்கட பெடியள் என்ர முனைக்கு அடிக்கிறாங்கள். சனத்துக்கெல்லாம் வெயில் கண்ணுக்குள்ள. கெவின் பந்தைப் பிடிச்சு, நாலு பேர் மேல விழ விழக் காலால அடிச்சான். அடிச்ச கையோட சேத்துக்குள்ள முகம் குப்பற விழுந்தான். சைரன் ஊதிச்சுது. நான் ஒரு விரலைக் காட்டினன்.

ரெண்டு புள்ளியால தோத்தம்.

அதுக்குத்தான் இந்தக் கழுத்துப் பட்டி. விளங்குதே? சொந்தக் கிளப்புக்கு எதிராத் தீர்ப்புச் சொன்ன மனுசன், இப்பிடி ஒரு நேர்மையை நாங்கள் காணேல்லை எண்டு உள்ளூர்ப் பேப்பரில படம் போட்டவங்கள். எதிர்க் கிளப்காரன் வந்து கையைக் குலுக்கினான். அந்த வருசத்துக்குப் பிறகுதான் தெருவில எல்லாரும் எனக்குக் கை காட்டத் துவங்கினது. நத்தார்ப் பண்டிகைக்கு மூண்டு வீட்டில கூப்பிட்டாங்கள். இந்தப் பைக்குள்ள என்ன தெரியுமோ? அந்தக் கோட்டும் தொப்பியும். மனுசி தோய்ச்சு மடிச்சுத் தந்தவா. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சுச் சுவரில மாட்டப் போறாங்களாம். பட்டயத்தை என்ர கையில தாறது ஆர்? கெவின். அவனே கேட்டு வாங்கினவனாம்.

சிரிக்கிறியள். இல்லை, சிரியுங்கோ. மவுண்ட் வேவர்லி வந்திட்டுது, இனி மறைச்சு என்ன.

நான் பாக்கேல்லை, சடகோபன்.

பந்து வரேக்க நான் கம்பத்தைப் பாத்துக்கொண்டு நிக்கேல்லை. பின்னால சிறகடிச்ச சத்தம் கேட்டுது. திரும்பிட்டன். காகம் இறங்கிட்டுது. காலமை தொடக்கம் பட்டினி கிடந்தவன், அது வாய் வைக்கிறதைப் பாக்காமல் இருப்பனே? ஒரு வாய் எடுத்தது. அப்பாடா எண்டு கும்பிட்டன். பந்து என்ர தலைக்கு மேலால போனதோ, பக்கத்தால போனதோ, தெரியாது. திரும்பினால் மூவாயிரம் சனமும் என்னைப் பாத்துக்கொண்டு நிக்குது. நான் என்ன செய்ய? ரெண்டு விரலைக் காட்டி அது பிழையெண்டால், கறுவல் தன்ர கிளப்புக்குக் களவு செய்தான் எண்டு சொல்லுவாங்கள். ஒரு விரல் காட்டினால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது. ஒரு விரலைக் காட்டினன். கை தானா எழும்பிச்சுது.

கொடியும் ஆட்டிப்போட்டுப் பந்தை எடுக்கப் போறன். அது சாதத்துக்கு மேல கிடக்கு. ரெண்டு உயரக் கம்பத்துக்கும் நேர் நடுவில. பந்தில இருந்த சேறு முழுக்க எள்ளுச்சாதம் ஒட்டிப்போய்க் கிடக்கு. நேர்கோடு கீறுறவனுக்கு அது எங்கால வந்தது எண்டு ஆரும் சொல்லித் தரவேணுமோ? என்ன செய்தனான் தெரியுமோ? கோட்டுத் தலைப்பால சாதத்தைத் துடைச்சுப்போட்டுப் பந்தைக் குடுத்தன். பிறகு உடை மாத்துற அறைக்குப் போய், மிஞ்சின தோடம்பழத் துண்டு பன்னிரண்டு திண்டன். காகம் திண்டிட்டுதுதானே.

கொப்பிக்காரர் கொப்பியை மூடிக்கொண்டு போயிட்டார். கெவின் அடுத்த வருசம் ஆடேல்லை. இப்பவும் பால் வண்டிதான். ஆட்டம் முடிய என்னட்ட வந்து, "நான் என்ர கண்ணால பாக்கேல்லை விக், முகம் சேத்துக்குள்ள, ஆனால் நீ தவறினது எண்டால் தவறினதுதான்" எண்டான். அண்டைக்கு அழுதவன். இப்ப பகிடி. காலமையில போத்தலை வைச்சிட்டு, யன்னலில என்னைக் கண்டால் ஒரு விரலைக் காட்டிச் சிரிப்பான். நாலு வருசமா, ஒவ்வொரு நாளும். அந்தப் பாலில போட்ட தேத்தண்ணியை நான் எப்பிடிக் குடிக்கிறன் எண்டு நினைக்கிறியள்? மனுசிக்கும் இது தெரியாது. உங்களுக்குத்தான் முதன்முதல்.

இண்டைக்கும் புரட்டாதிச் சனி. காலமை இலையை வைக்க முதல் காகம் வந்து நிக்குது. ஆறரை மணிக்குத் திண்டு முடிஞ்சுது. இந்தச் சுறுசுறுப்பு அண்டைக்கு எங்க போனது எண்டு நிண்டு பேசினனான்.

இந்தா, கிளென் வேவர்லி. பொறுங்கோ, அவசரப்படாதேங்கோ, ரயில் நிக்கட்டும். அங்க பாருங்கோ, டிக்கற் வாசலடியில, தலை வாரி இழுத்து, இதே பச்சை மஞ்சள் பட்டியும் கட்டிக்கொண்டு... அவன்தான். என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறான். கண்டிட்டான். பாத்தியளே, இஞ்சயும் ஒரு விரலைக் காட்டுறான்.

சடகோபன், இந்தப் பையை ஒருக்காப் பிடியுங்கோ. குடையையும் பிடியுங்கோ. எனக்கு ரெண்டு கையும் வேணும்.