நாலு செகண்ட்

ரவாங்கில் கிளம்பிய ரயிலில் எனக்கு எதிரே ஒரு தம்பதி. மனைவியின் பழைய லாப்டாப் கணவரின் மடியில் இருந்தது.

"போன தடவை கீபோர்டையே தூக்கிட்டீங்க," என்றார் மனைவி.

"வேணாத டிரைவர் சாஃப்ட்வேரையெல்லாம் எடுத்தப்போ அதோட டிரைவரும் போயிடுச்சுலா. இந்த தடவை லிஸ்டை ஒழுங்கா பார்த்து கெர்னலை, அதான் சிஸ்டத்தோட அடிப்படை புரோகிராமை, புதுசா கம்பைல் பண்றேன். லாப்டாப் சீக்கிரம் ஓப்பன் ஆகும்."

"எவ்வளவு சீக்கிரம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "நாலு செகண்ட் மிச்சமாகும்."

"திங்கட்கிழமை எனக்கு ஆன்லைன் டியூஷன் இருக்கு."

"அதுக்குள்ள முடிச்சிடுவேன்."

மனைவி லாப்டாப்பை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க வீட்டுல கல்யாணத்துக்குச் சரின்னு சொல்ல ஆறு வருஷம் காத்திருந்தேன். நாலு செகண்ட் காத்திருக்க மாட்டேனா?"