ஒரே சட்டை, மூன்று பெட்டி

இஸ்திரிப் பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு நான் நிறைய உதவியிருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, என் பிழைப்பே அதுதான். எந்தப் பெட்டி சீக்கிரம் சூடாகும், எது காலரைக் கருக்கும், எதன் ஒயர் சீக்கிரமே பல்லிளிக்கும் என்று ஓர் இணைய இதழில் ஒப்பிட்டு எழுதுகிறேன். ப்ளாஸ்க், செருப்பு, மின்விசிறி, மெத்தை எல்லாம் எழுதியிருக்கிறேன். என்னை நம்பி வாங்கியவர்கள் யாரும் திட்டியதில்லை.

கடைக்காரர் சொல்வதை நான் நம்புவதில்லை என்பதுதான் காரணம். ஒரே சட்டையை நனைத்து, பிழிந்து, காயவைத்து, மூன்று பெட்டியாலும் மாற்றி மாற்றித் தேய்த்துப் பார்ப்பேன். சட்டையை மாற்றினால் ஒப்பீடு கெட்டுவிடும். அலுவலகத்தில் இதற்காக என்னை ஓட்டாத ஆள் இல்லை. “இவனுக்குப் பொண்ணு பாக்கப் போனா மூணு வீட்டுலயும் ஒரே கேள்வியைக் கேட்டு எழுதிட்டு வருவான்” என்பார் எங்கள் இதழின் ஆசிரியை. எனக்குக் கோபம் வராது. வேலையில் ஒழுங்காக இருப்பவனைக் கிண்டல் செய்வது சகஜம்தான்.

அந்த ஆசிரியைதான் ஒருநாள் என் மேசை ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். “ரெண்டு வரி எழுதிப் போடுற தளம் இருக்கில்ல, அதுங்களை ஒப்பிட்டு எழுது. எதுல எத்தனை எழுத்து போடலாம்னு அட்டவணை போட்டு என் உயிரை வாங்காதே. வலைப்பூவுல பக்கம் பக்கமா எழுதிக்கிட்டிருந்தவங்க எதுக்கு இந்த ரெண்டு வரிக்கு வந்தாங்க? எது அவங்களைப் பிடிச்சு வெச்சிருக்கு? அதைச் சொல்லு” என்றார்.

மூன்று தளங்களைத் தேர்ந்தெடுத்தேன். உண்மைப் பெயர்கள் வேண்டாம். கட்டுரையில் நான் வைத்த பட்டப்பெயர்களையே இங்கும் சொல்கிறேன். முதலாவது சந்தை. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், யாரை வேண்டுமானாலும் ஏசலாம், ஒருவர் சொன்னதை இன்னொருவர் தூக்கிக்கொண்டு ஓடலாம். இரண்டாவது ஜன்னல். படம்தான் முக்கியம், எழுத்து அதன் காலடியில் கிடக்கும். எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள், நின்று பேச மாட்டார்கள். மூன்றாவது மாடிப்படி. ஆட்கள் கொஞ்சம். பகிர்வதற்குப் பொத்தான் கிடையாது. இரண்டு பேர் படியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பேசலாம். தனியாகப் பேசவும் வசதி உண்டு.

பெட்டிகள் தயார். சட்டை வேண்டும். மூன்று இடத்திலும் ஒரே ஆள் ஒரே விஷயத்தை எழுத வேண்டும். எனக்கு அண்ணி நினைவுக்கு வந்தார்.

அண்ணி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். புதுத்துணி தைப்பது குறைவு, பழையதைச் சரிசெய்வதுதான் அதிகம். இடுப்பைப் பிடிப்பது, கால் நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது. வலைப்பூ ஒன்று வைத்து நீளநீளமாக எழுதிக்கொண்டிருந்தார். அண்ணன் இறந்த பிறகு அதை நிறுத்திவிட்டார். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில், மோட்டார் அறையில் தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பட்டப்பகல். கீழே நூறு பேர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அண்ணனுடைய பொருள்களை என் கையில்தான் கொடுத்தார்கள். போனைத் திறந்து அண்ணியிடம் நான்தான் காட்டினேன். விழுவதற்கு முன்னால் அண்ணியை இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அண்ணி எடுக்கவில்லை. “கடைசியா உங்களைத்தான் அண்ணி கூப்பிட்டிருக்கான். கடைசி நேரத்துல உங்களைத்தான் நெனச்சிருக்கான்” என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். சுற்றி நின்ற சொந்தக்காரர்களும் கேட்டார்கள்.

ஆக, அண்ணியை மறுபடி எழுத வைப்பது அவருக்கும் நல்லது என்று நினைத்தேன். இப்போதும் அதில் பெரிய தப்பிருப்பதாகத் தோன்றவில்லை. “என்னை வெச்சு என்ன தம்பி ஆராய்ச்சி? நான் என்ன வெள்ளெலியா?” என்று சிரித்தார். அப்புறம் ஒப்புக்கொண்டார். மூன்று தளத்திலும் கணக்குத் திறந்துகொடுத்தேன்.

நன்றாக எழுதினார். ஒன்று எனக்கு மனப்பாடம். ‘இன்னைக்கு ஒருத்தர் பேன்ட் இடுப்பைப் பிடிக்கச் சொன்னார். போன மாசம் பிரிக்கச் சொன்னவரும் அவரேதான். அவர் ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் துணியை வெட்டாம மடிச்சே வெச்சிருக்கேன்.’ இதை மூன்று இடத்திலும் போட்டார். மூன்று இடத்திலும் ஈ காக்கை வரவில்லை.

யாரும் வராவிட்டால் எதை ஒப்பிடுவது? தண்ணீர் தெளிக்காமல் சட்டையைத் தேய்க்க முடியாது. அதனால் தெளித்தேன். சந்தையில் வெவ்வேறு பெயர்களில் பத்துப் பதினைந்து பேரானேன். ஜன்னலில் இதயக்குறி மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்களானேன். மாடிப்படியில் ஒரே ஒருத்தியானேன். அவள் பெயர் குடைக்காரி. குடை பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாள், அவளும் கணவனை இழந்தவள். அப்படி எழுதினால்தான் அண்ணி மனம்விட்டுப் பேசுவார் என்று தோன்றியது. பேசினார்.

அண்ணி முகம் தெளிந்ததைப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே தெளிந்தது. நான் வீட்டுக்குப் போனால் வாய் நிறைய குடைக்காரி புராணம்தான். “அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா தம்பி? நம்ம கையில ஊசி இருக்கிற வரைக்கும் யாரும் நம்மளை முழுசாக் கிழிச்சிட முடியாதாம். எப்படிப் பேசுறாங்க பாருங்க” என்பார். எனக்கே அந்த வரி பிடித்திருந்தது. அலுவலகத்தில் யோசித்து எழுதியது. அண்ணி கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே அதைக் கேட்டேன் என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேள்வியில் பாதிக்குத்தான் பதில் கிடைத்திருந்தது. பாராட்டு வரும் இடத்தில் ஆள் தங்குவது அதிசயமில்லை. வசவு வரும் இடத்திலும் ஏன் தங்குகிறார்கள், எப்போது கிளம்புகிறார்கள்? அதைத்தான் ஆசிரியை கேட்டிருந்தார். சந்தையில் என் ஆட்களை ஏசச் சொன்னேன்.

அண்ணி அசரவில்லை. ‘கிழிஞ்ச துணிக்கு இவ்வளவு பேச்சா?’ என்று எழுதினேன். ‘கிழியாத துணிக்கு நான் எதுக்குங்க?’ என்று பதில் வந்தது. இன்னொரு பெயரில், ‘தையல்காரிக்கு வாய் நீளம்’ என்றேன். ‘அதைக் குறைக்க மட்டும் அளவெடுக்க முடியலைங்க’ என்றார். வழியில் போன நிஜமான மனிதர்கள்கூட நின்று சிரிக்க ஆரம்பித்தார்கள். ஈ காக்கை வராத இடத்தில் நான் தெளித்த தண்ணீரில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. அண்ணிக்குச் சந்தை பிடித்துவிட்டது.

அந்த வாரத்தில்தான் மாடிப்படியில், குடைக்காரியிடம் மட்டும், அண்ணி ஒன்றைச் சொன்னார். அன்று மெஷின் சத்தத்தில் போன் கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அது முழு உண்மை இல்லையாம். போன் திரையில் வெளிச்சம் வந்ததைக் கடைக்கண்ணால் பார்த்தாராம். இந்த ஓரத்தை முடித்துவிட்டு எடுக்கலாம் என்று பெடலை மிதித்தாராம். ‘இதை யார்கிட்டயும் சொன்னதில்லைங்க. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு’ என்று எழுதியிருந்தார்.

குடைக்காரி, ‘அழுதுடுங்க, நான் இங்கேயே இருக்கேன்’ என்று பதில் எழுதினாள். எழுதி முடித்த அதே நாற்காலியில், மத்தியான வெயில் திரைச்சீலையைத் தாண்டி மேசைமேல் விழுந்துகொண்டிருக்கும்போதே, சந்தைக்குப் போனேன். அண்ணி அன்று காலையில் போட்டிருந்த ஒரு சாதாரணப் பதிவின் கீழே எழுதினேன். ‘புருஷன் சாகக் கிடந்து கூப்பிட்டப்போ மெஷின் சத்தத்துல கேக்கலையாமே. கேக்கலைனு சொல்றவங்க பாதிப் பேரு பாத்துட்டுத்தான் எடுக்காம இருப்பாங்க.’ மற்ற பெயர்களில் வந்து ஆமாம் போட்டேன். நிஜ மனிதர்களும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். அவர்களை நான் கூப்பிடவில்லை.

அண்ணி குடைக்காரியைச் சந்தேகப்படவில்லை. போன் விஷயம் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும், அதில் எவரோ என்று நினைத்தார். இரண்டாவது வரியை யாரும் சொல்லித் தெரிந்திருக்க முடியாது, தன் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது, பார்க்கிறவர்களுக்கு எல்லாம் தெரிகிறது என்று நம்பிவிட்டார். “ஊருக்கே தெரிஞ்சிருக்கு தம்பி. நான்தான் யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்” என்றார். சந்தையை விட்டுக் கிளம்பிவிட்டார். அண்ணி என்னிடம் சொல்லி அழுததும் அலுவலகம் போய்க் குறித்துக்கொண்டேன்: கேலியில் கிளம்புவதில்லை, உண்மையில் கிளம்புகிறார்கள்.

கட்டுரை வந்தது. எழுதுகிறவர்கள் சொல்வதற்காக எழுதவில்லை, யாராவது ‘ம்’ கொட்டுகிறார்களா என்று பார்ப்பதற்காக எழுதுகிறார்கள் என்று முடித்திருந்தேன். கூட்டம் வேண்டுமென்றால் சந்தை, பார்வை வேண்டுமென்றால் ஜன்னல், ஆறுதல் வேண்டுமென்றால் மாடிப்படி. “முடிச்சிட்டு மறுபடி முதல்லேர்ந்து படிச்சேன்டா” என்றார் ஆசிரியை. பாராட்டில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

பிறகு அண்ணி வீட்டுக்குப் போனபோது தையல் மெஷின்மேல் போர்வை போர்த்தியிருந்தது. அண்ணி கையால் தைத்துக்கொண்டிருந்தார், ஒரு ஜீன்ஸ் பேன்ட்டை. போனை மடியில், துணிக்கு மேலே வைத்திருந்தார். விரல் நுனியெல்லாம் பிளாஸ்திரி. “மெஷின் வேணாம் தம்பி. சத்தத்துல போன் கேக்காது” என்றார். யார் கூப்பிடப் போகிறார்கள் என்று கேட்கவில்லை. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துவிட்டார்கள். கையால் தைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்று எனக்குத் தெரியும், அண்ணிக்கும் தெரியும். நான் வழக்கம்போலத் தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

வெட்கமாக இருக்கிறது. இந்த வார்த்தையை எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருக்கிறேன்.

ஏசுவதற்கு ஆயிரம் இருக்க, அந்த ஒன்றை ஏன் எடுத்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒப்பீட்டுக்காக என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது போதாது என்று எனக்கே தெரிகிறது.

அண்ணன் விழுந்த அன்று நான் மூன்று ப்ளாஸ்க்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஒரே நேரத்தில் ஊற்றிய வெந்நீர், எது எவ்வளவு ஆறுகிறது என்று பார்க்க வேண்டும். மூடியைத் திறந்து வெப்பமானியை உள்ளே விட்ட நேரத்தில் போன் அடித்தது. திரையில் அண்ணன் பெயர். எடுத்துப் பேசினால் மூன்றும் வெவ்வேறு நேரம் திறந்ததாகிவிடும், காலையிலிருந்து செய்தது வீண். அழைப்பைத் துண்டித்தேன். துண்டித்துவிட்டு, குறித்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் திருப்பிக் கூப்பிட்டேன். வேறு யாரோ எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் போன் என் கைக்கு வந்ததும், அண்ணி வருவதற்கு முன்னால் திறந்து பார்த்தேன். அண்ணன் கூப்பிட்டவற்றில் அண்ணிக்கு இரண்டு அழைப்பு, அதற்கு மேலே, கடைசியாக, எனக்கு ஒன்று. என் பெயரை மட்டும் அழித்தேன். விரலால் ஒரு தள்ளு, அவ்வளவுதான் வேலை. பிறகுதான் அண்ணியிடம் காட்டினேன். கடைசியாக உங்களைத்தான் கூப்பிட்டிருக்கிறான் என்று சொன்னது அப்போதுதான். சந்தையில் அண்ணிக்கு எழுதிய அந்த வரி, பார்த்துவிட்டும் எடுக்காமல் இருப்பார்கள் என்பது, யாரைப் பற்றியது என்று எனக்கு எழுதும்போதே தெரியும். என் வாயால் அதைச் சொல்லிப் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அண்ணிமேல் ஏற்றிச் சொன்னேன்.

இதைச் சந்தையில்தான் துண்டுதுண்டாகப் போடுகிறேன், சொந்தப் பெயரில் இல்லை. அண்ணி இப்போது இந்தப் பக்கம் வருவதில்லை. நீங்கள் என்ன வேண்டுமானாலும் ஏசுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இன்று காலை அண்ணியிடம் நேரில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். செருப்பு மாட்டும்போது மாடிப்படியில் செய்தி வந்தது. என்னைத் தவிர அண்ணிக்கு அங்கே பேச ஆள் கிடையாது.

‘ஒண்ணு கேக்கணும்ங்க. எங்க வீட்டுக்காரர் போன் இன்னும் கொழுந்தனார்கிட்டதான் இருக்கு. போன் கம்பெனியில கேட்டா, அழைப்புப் பட்டியல் முழுசா எடுத்துத் தருவாங்களாம். எனக்கு அப்புறம் வேற யாரையாவது கூப்பிட்டாரான்னு பாத்தா மனசு ஆறும்னு தோணுது. ஒரே ஒருத்தரைக் கூப்பிட்டிருந்தாக்கூடப் போதும், மெஷினைத் தொட்டுடுவேன். தம்பிகிட்ட கேட்டா என்னைச் சந்தேகப்படுறீங்களான்னு வருத்தப்படுவாரோ?’

வாசலில் ஒரு செருப்போடு நின்றபடியே குடைக்காரி பதில் எழுதினாள். ‘வேணாம்ங்க. போனவரைத் தோண்டித் தோண்டிப் பாக்கக் கூடாது. அந்தத் தம்பியும் அண்ணனை இழந்தவர்தானே, அவர் மனசு என்ன பாடுபடும்.’

கொஞ்ச நேரத்தில் அண்ணி எழுதினார். ‘நீங்க சொல்றது சரிதான். அவருக்கும் என்னை விட்டா யாரு இருக்கா. கேக்கலை.’

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன். ஆறுதல் வேண்டுமென்றால் மாடிப்படி என்று கட்டுரையில் எழுதியிருந்தேன் அல்லவா, அந்த ஒரு வரியாவது பொய்யில்லை.