ஜபல் ஜைஸ்ல பெஞ்ச பனி

இல்லண்ணே, அதெல்லாம் நாலு நாளைக்குத்தான். மொத நாளு எல்லாப் பயலும் அப்படித்தான் வாயப் பொளந்துக்கிட்டு நிப்பாய்ங்க. வெளிய நாப்பத்தஞ்சு டிகிரி, உள்ள மைனஸ் ரெண்டு, ஆகா ஓகோன்னு. நீங்க சலாலால இருந்தவுக, தூறலு, மேகம்னு ஏதாச்சும் நெசமானதப் பாத்திருப்பீக. மாலுக்குள்ள மெஷின வச்சுப் பண்ணுன இந்தப் பனி மல ஒரு பெரிய பிரிட்ஜுண்ணே. அதுக்குள்ள நின்னு ஐஸு சுரண்டுறதுக்குத்தான் நமக்குச் சம்பளம்.

நானா? சறுக்க வர்றவய்ங்களுக்குப் பூட்ஸ் குடுக்கிற கவுண்டரு. நாலு வருசமா. அரபி, வெள்ளக்காரன், பம்பாய் சேட்டு, எவன் காலா இருந்தாலும் கழட்டுனா ஒரே நாத்தம்தான். உங்கள மேல போட்டிருக்காய்ங்க, பனிய வாரி மட்டம் பண்ணுற வேல. கார்மேகம்னு ஒரு பய பாத்த வேல அது.

அவனா... கமுதிப் பக்கத்துப் பய. ஆடு மேச்சுக்கிட்டுத் திரிஞ்சான். நான்தான் ஏஜண்டுகிட்டச் சொல்லிக் கொண்டாந்தேன். வந்த எடத்துல வேலயப் பாத்தமா, ரூமுக்குப் போயித் தூங்குனமான்னு இருக்கணும்ல? இவன் டூட்டி முடிஞ்சும் அங்கயே நிப்பான். கத்துக்குடுக்கிற லெபனான்காரன்கிட்ட இளிச்சு இளிச்சே ஸ்கீ பழகிக்கிட்டான். ஸ்கீன்னா, கால்ல நீளப் பலகைய மாட்டிக்கிட்டுச் சறுக்குவாய்ங்கள்ல, அது. ஒரே வருசம். இவன் உச்சிலருந்து எறங்குறதப் பாத்து வெள்ளக்காரப் புள்ளைக கை தட்டுதுக. எனக்கு எரிச்சலா வரும். சறுக்கி என்னத்தடா கிழிக்கப் போற, கமுதிக் கம்மாயிலயா போயிச் சறுக்குவேன்னு கேட்டேன். அதுக்கும் சிரிக்கிறான்.

இந்த ஜனவரில ராசல் கைமா மல மேல பனி பெஞ்சுச்சு. அட, நெசமான பனிண்ணே! ஜபல் ஜைஸ்னு பேரு, பேப்பர்லயே படம் போட்டாய்ங்க. விடிஞ்சும் விடியாம என்னயப் போட்டு உலுக்குறான். அண்ணே, மெஷின்ல வந்தது இல்லண்ணே, வானத்துலருந்து விழுந்ததுண்ணே, வாங்கண்ணேன்னு. ரெண்டு பேருக்கும் அன்னிக்கு லீவு. முந்தின நாளே ரிப்பேர் ரூம்ல ஒரு சோடி ஸ்கீய எடுத்து அட்டையில சுத்தி வச்சிருக்கான் களவாணிப் பய. பூட்ஸா? பூட்ஸு நான்தான் எடுத்துக் குடுத்தேன். கேட்டான், குடுத்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே சைசு.

ரோலா டாக்சி ஸ்டாண்டுக்கு வந்து, அங்கருந்து டாக்சில ராசல் கைமா. பெறகு மலைல ரோடு போடுற லாரி ஒண்ணு, பட்டாணிய பாய் ஒருத்தரு ஓட்டுறாரு, பாதி மல வரைக்கும் ஏத்திவிட்டாரு. மிச்சம் நட. மூணு மணி நேரம்ணே, மொட்டப் பாறையில. பலக அவன் தோள்ல, பூட்ஸு அவன் கழுத்துல, ஆட்டுக்குட்டி மாரி தாவித் தாவிப் போறான். நான் மூச்சு வாங்கிச் சாகுறேன்.

மேல போனா... எப்படிச் சொல்ல. மால்ல கெடக்கிறது கல்லுப்பு மாரி கரகரன்னு இருக்கும். இது மாவுண்ணே. பச்சரிசிய இடிச்சுச் சலிச்சுக் கொட்டுனாப்ல. கால வச்சா சத்தமே இல்ல. ரெண்டு பாறைக்கு நடுவுல ஒரு பள்ளம், அதுல முழங்கால் ஒசரத்துக்குக் காத்து கொண்டாந்து கொட்டியிருக்கு. நம்ம கேம்ப் காம்பவுண்டுச் சொவரு நீளம் இருக்கும். அவ்வளவுதான். அதுக்கா இந்தப் பாடு?

எறங்குனான் பாருங்க. பின்னாடி வெள்ளப் புழுதி கெளம்புது. ஆடு வெரட்டுற மாரி ஹேய்னு கத்துறான், மலையே திருப்பிக் கத்துது. பலக கல்லுல உரசிக் கீச்சுங்குது, பயலுக்குக் காதே கேக்கல. ஏறுறான், எறங்குறான், ஏழு தடவ. பெறகு எனக்கு மாட்டிவிட்டான். நான் எந்திரிச்சேன், குண்டி அடிக்க உக்காந்தேன். பேண்டெல்லாம் ஈரம். சிரிக்கிறான். நாயி.

அப்ப ஒரு கெழவரு, அந்த மலையிலயே இருக்கிற அரபி, கம்பளியப் போத்திக்கிட்டு ரெண்டு பேத்திகளோட நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்காரு. கிட்ட வந்து பிளாஸ்க்குலருந்து காவா, அதான் அரபிக் காப்பி, ஊத்துனாரு. நீ வாத்தியாரான்னு இவனக் கேக்குறாரு. ஆமா, நான்தான் உஸ்தாதுங்கிறான். இவரு யாருன்னு என்னயக் காட்டிக் கேட்டாரு. என் ஹெல்பருங்கிறான்ணே. ஹெல்பர்! இவனுக்கு விசா வாங்கிக் குடுத்தவன் நான். மொதக் கோப்ப அவனுக்கு, ரெண்டாவதுதான் எனக்கு.

எறங்கையில, சும்மா வெளாட்டுக்குச் சொன்னேண்ணேங்கிறான். நான் வெடவெடன்னு நடுங்குறதப் பாத்துட்டு அவன் ஜாக்கெட்டக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டான். மூக்குச்சளி ஒட்டுன ஜாக்கெட்டு. போட்டுக்கிட்டேன், என்ன செய்ய.

ரெண்டு நாள் கழிச்சு சூப்பர்வைசர் யூசுப் பாய் ரிப்பேர் ரூமுக்கு வந்தாரு. இருவது சோடி கெடக்கு அங்க, இவன் திருப்பிக் கொண்டாந்து வச்சதும் அதுக்குள்ளதான். நேராப் போயி அந்தச் சோடிய எடுத்துத் திருப்புனாரு. அடியில பூராம் கீறலு. கார்மேகத்தக் கூப்புட்டு விட்டாரு. நான் மூணடி தள்ளித்தான் நிக்கிறேன். கூட யாரு வந்தாங்கிறாரு, இவன் நான் மட்டும்தாங்கிறான். பூட்ஸு எவன் குடுத்தான்னா, நானே திருடுனேங்கிறான். ஒரு பொய்யச் சொல்லக்கூடத் துப்பில்ல, மொகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு. யூசுப் பாய் அவனப் பாக்கல, என்னயப் பாத்துச் சிரிச்சாரு.

ஆமா, விசா கேன்சல். நாலே நாள்ல ஏத்தி விட்டாய்ங்க. ஏர்போர்ட்டுக்கு நான் போனேன், போகாம இருக்க முடியுமா, கூட்டியாந்தவன்ல. கையப் புடிச்சுக்கிட்டு அழுகுறான். அண்ணே, உங்க பேரு எங்கயும் வராதுண்ணே, பயப்படாம இருங்கங்கிறான்.

கிறுக்குப் பய. ஸ்கீயத் திருப்பிப் பாத்தாருல்ல, அன்னிக்குக் காலைல யூசுப் பாய் ரூமுக்குப் போயி எந்தச் சோடின்னு நம்பரோட சொன்னதே நான்தாண்ணே.