இருபத்துமூன்றாவது படம்

டீயில் சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது மேடம், போதும். நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். முன்விரோதம் எதுவும் கிடையாது. செழியனும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து பழக்கம். ஒரு மேகம் விலகுவதற்காக நான் அரைமணி நேரம் காத்திருந்தால், அலுக்காமல் கூடவே நிற்கிற ஆள் அவன் ஒருவன்தான். அப்படிப்பட்டவன்மேல் யாருக்குக் கோபம் வரும்?

தியாகதுருகத்தில் நான் வேலை பார்க்கும் கடையில் பாஸ்போர்ட் சைஸ் படம்தான் எடுப்போம். வெள்ளைப் பின்னணி, ஒரு தாளில் எட்டு முகம். அது பிழைப்பு. ஃபிலிமில் கருப்புவெள்ளை எடுப்பது எனக்காக. ஒரு ரோலில் முப்பத்தாறு படம்தான். அதனால் எதை உள்ளே விடுவது, எதை வெளியே தள்ளுவது என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பிறகு வருத்தப்படக் கூடாது.

அன்று காலை அவன் பைக்கில் கல்வராயன் மலைக்குப் போனோம். மாட்டுக்குத் தீவனம் கட்டிவர அந்த பைக்கில் எப்போதும் ஒரு நைலான் கயிறு இருக்கும். ஓடையில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர். ஓரிடத்தில் மட்டும், கரையிலிருந்து நீண்ட ஒரு கிளையில் சிவப்புச் சேலைக் கிழிசல் கட்டியிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பொன்னுரங்கம் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"துணிக்குக் கீழ மடு இருக்குது தம்பி. மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. ரெண்டாள் ஆழம். வருசா வருசம் நான்தான் கட்டறன்."

"நானு பக்கெட்டுத் தண்ணிக்கே பயந்துகினு குளிக்கிறவன்ங்க," என்றான் செழியன். "எனக்குப் போயி சொல்றீங்களே."

அவர் சிரித்துவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

லென்ஸின் முன்னால் சிவப்புக் கண்ணாடி மாட்டியிருந்தேன். அது வானத்தையும் இலைகளையும் கறுக்க வைக்கும். ஆனால் சிவப்பாக இருப்பதெல்லாம் வெள்ளையாக விழும். இருபத்திரண்டாவது படத்தை எடுத்த பிறகுதான் கவனித்தேன். செழியன் கரையோரம் சிரித்துக்கொண்டு நிற்கிறான், ஃபிலிமைக் கழுவினால் அவன் தோளுக்கு மேலே அந்தத் துணி பல் மாதிரி வெளுத்துத் தொங்கும். பார்க்கிறவன் கண் முதலில் அங்கேதான் போகும். முகத்துக்கு வரவே வராது.

காற்றில் கேமரா முக்காலி ஆடுகிறது, கயிற்றைக் கொண்டுவா என்று அவனை பைக்குக்கு அனுப்பினேன். அவன் திரும்புவதற்குள் கிளையை வளைத்துத் துணியை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டேன். வந்தவன் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி, முக்காலியின் நடுவில் அவனே தொங்கவிட்டான். நல்ல முடிச்சு. அவன் கை வேலை எப்போதும் சுத்தமாக இருக்கும்.

தண்ணீரில் இறங்கியவன் மரங்களைப் பார்த்தான். "இன்னாடா, துணி கட்டியிருந்தது எந்த மரம்?"

"அது அந்தாண்டடா, இங்கருந்து தெரியாது. நீ என்னப் பாத்துகினே பின்னால போ."

"பாத்துடா டேய். எனக்கு இன்னும் பொண்ணுகூட பாக்கல."

"கருப்புவெள்ளையில நீ அழகாத்தான் இருக்கற. போடா."

இடுப்புவரை இறங்குவான், அவ்வளவுதான் என்று நினைத்ததாக முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. ரெண்டாள் ஆழம் என்பதை அவன் கேட்டபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஆனால் அந்தக் கிளைக்குக் கீழேதான் தண்ணீர் மை மாதிரி இருந்தது. அவன் வெள்ளைச் சட்டை வேறெங்கே நின்றாலும் சாம்பலாகத்தான் விழும். இன்னும் ரெண்டு அடி என்றேன். அப்புறம் இன்னும் ஒரு அடி என்றேன்.

சத்தம் அதிகமில்லை. ஒரு வட்டம் கிளம்பியது. அது படத்தின் இரண்டு ஓரத்தையும் தொடும்வரை காத்திருந்தேன். கை இரண்டு முறை மேலே வந்தது. கயிறு எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அதை அவிழ்த்தால் முக்காலி ஆடும். ஷட்டர் வேகம் கால் நொடி. ஆடினால் படம் கலங்கிவிடும். அதுதான் இருபத்துமூன்று. மிச்சம் பதின்மூன்றை நான் எடுக்கவே இல்லை. தேவைப்படவில்லை.

துணி எதுவும் அங்கே இல்லை, வெள்ளத்தில் போயிருக்கும் என்று எல்லோரிடமும் சொன்னேன், நம்பினார்கள். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அவன் தங்கை இசைவாணி என்னிடம்தான் படம் கேட்டாள். "அண்ணன் சிரிக்கிற மாதிரி ஒண்ணு குடுங்கண்ணா," என்றாள். இருபத்திரண்டாவதைக் கொடுத்தேன். தோளோடு வெட்டிப் போடச் சொல்லியிருந்தேன். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் இடம் நிரம்பட்டும் என்று முழுப் படத்தையும் போட்டுவிட்டார். சந்தைக்கு இறங்கிவந்த பொன்னுரங்கம் பஸ் ஸ்டாண்டில் நின்று அதைப் பார்த்திருக்கிறார். நிறம் போனாலும் தன் கிழிசலையும் தான் போட்ட முடிச்சையும் அவருக்குத் தெரியாதா? படம் பிடிக்கும்போது துணி இருந்திருக்கிறதே என்று நேராக உங்களிடம் வந்துவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. படத்தை ஒழுங்காகப் பார்த்தவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

ஆமாம் மேடம், மடு இருப்பது தெரிந்து, துணியை எடுத்து, பொய் சொல்லி அவனை அங்கே நிற்க வைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்றுதான். வீட்டுக் குளியலறையில் இருபத்துமூன்றாவது படத்தைக் கழுவிப் பெரிதாக்கியபோது தண்ணீரை இன்னும் கொஞ்சம் கறுக்கவிட்டு, கீழ் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டியிருந்தேன். அந்தக் கை இருப்பது அங்கேதான். நெகட்டிவிலிருந்து முழுசாகப் போட்டுவரச் சொல்லியிருக்கிறீர்கள் என்று ஏட்டு சொன்னார். கை இருந்தால் அது வெறும் விபத்துப் படமாகிவிடும். அது இல்லாவிட்டால் கறுப்புத் தண்ணீரும் ஒரு வட்டமும் மட்டும்தான், பார்க்க அவ்வளவு அமைதியாக இருக்கிறது. செழியன் இருந்திருந்தால் அவனும் வெட்டத்தான் சொல்லியிருப்பான். கோர்ட்டில் வைக்கும்போது நான் வெட்டிய படத்தையே வைக்கிறீர்களா மேடம்?