மூக்கைத் தூக்கிற ஸ்பிரிங்

இல்லை ஹமீட் நானா, இந்த ஸ்பிரிங் சரிவராது. எடுத்து உள்ளுக்கை வையுங்கோ. ரெண்டு கையால அமத்தியும் அசையுதில்லை. இதைப் போட்டு நெல்லு மூட்டை ஏத்தலாம், ரேஸ் ஓடேலாது.

ஓம், காருக்கு முன்னுக்குப் போடத்தான்.

போன வருசமும் இதைத்தானே எங்கட மனுசன் றொசாந்தனுக்கு வித்தனீங்கள். கட்டையாய், இறுக்கமாய், ரேஸ் காருக்கெண்டே செய்ததெண்டு. அவரும் நம்பிக் கொண்டுவந்து, தோட்டவெளி வீட்டு முத்தத்தில கிழமைக்கணக்காய்க் காருக்குக் கீழ கிடந்தவர். சாப்பாட்டையும் கீழதான் தள்ளிவிட்டனான். ஓட்டம் நடந்த அண்டைக்குக் கொடி விழுந்துது, மற்றக் கார் போயிட்டுது. எங்கட கார் நிண்ட இடத்திலயே பின் ரயரைச் சுத்திப் புகையடிச்சுது. நுளம்புக்கு மருந்தடிக்கினமாக்கும் எண்டு சனம் நினைச்சிருக்கும். பிறகு அக்சில் முறிஞ்சு, கயிறு கட்டி இழுத்துக்கொண்டுவந்து ஆமி வாசலுக்கு வெளியில விட்டிச்சினம். நானும் வெளியிலதானே நிண்டனான். கார் ஓடுற ஆள் மட்டும்தான் உள்ளுக்குப் போகலாம்.

ரயர் பிழையோ? புது ரயர் நானா. அதில பாரம் விழேல்லை, அதுதான் பிழை. வள்ளத்து மெசினை ஒரேயடியாய் முறுக்கி எடுத்தா என்ன நடக்கும்? அணியம் எழும்பும், பின்பக்கம் தண்ணியில குந்தும். காரும் அப்பிடித்தான். மெதுவான, நீட்டு ஸ்பிரிங்காய் அமத்திப் பூட்டினா, எடுக்கேக்கை அது நிமிந்து மூக்கைத் தூக்கிவிடும். பாரம் போய்ப் பின் ரயரில இருக்கும், ரயர் றோட்டைப் பிடிக்கும். உங்கட ஸ்பிரிங் மூக்கை அசையவே விடேல்லை. நல்ல ஒழுக்கமான ஸ்பிரிங், குறை சொல்லேலாது.

அவர் வந்தா நீங்கள் சொல்லுறதுக்கெல்லாம் தலையாட்டிப்போட்டுத் திரும்பவும் இதையே வாங்கிக்கொண்டு வருவார். அதுதான் நான் வந்தனான்.

அந்தா, மேல்தட்டில தூசியோட கிடக்கிறதைத் தாங்கோ. ம்... இது அமருது. இதைவிட மெதுவெண்டா பிறேக் பிடிக்கேக்கை மூக்கு நிலத்தில குத்தும். இது காணும்.

கப்போ? கப்பை வைச்சு என்ன, தேத்தண்ணி குடிக்கிறதே? கடைசியாய்ப் போனாலும் பறவாயில்லை, றோட்டின்ர மற்றத் தொங்கல் வரைக்கும் கார் போகோணும். அங்கதான் எல்லாரும் திருப்பிறது.

உங்களுக்குத் தெரியாதே? ரேஸ் ஓடுற அந்த றோட்டு எங்கட ஊருக்கு மேலாலதான் போகுது. இடம்பெயர்ந்து போன நீங்கள் புத்தளத்தில இருந்தே திரும்பி வந்து கடையும் போட்டிட்டியள். நாங்கள் கூப்பிடு தூரத்தில இருந்துகொண்டு முள்ளுக்கம்பியைப் பாக்கிறம். வளவைப் பாக்கோணுமெண்டு ஆமியைக் கேட்டா, அடுத்த மாசம் வரட்டாம். கார் ஓட்டமெண்டா வாசலைத் திறந்து, பூமாலையும் போட்டு விடுகினம். அதைக் கேள்விப்பட்டுத்தான் மனுசன் கார் வாங்கினது. அதுக்கு முன்னம் அவருக்குச் சைக்கிள் செயின் போடவும் தெரியாது.

பேப்பரில சுத்தித் தாங்கோ, பஸ் வந்திடும்.

திருப்பிற இடத்தில ஒரு வேம்பு இன்னும் நிக்குதாம். செல்லடிக்கேக்கை சேமக்காலைக்குக் கொண்டுபோக ஏலாமல், எங்கட மூத்தவள் றொஷேலை அதுக்குக் கீழதான் புதைச்சிட்டு ஓடினனாங்கள். இறங்க விடமாட்டினம், அது தெரியும். ஆனா காரைத் திருப்பேக்கை கொஞ்சம் மெதுவாய்த் திருப்பலாம்தானே.