மழைக்கு வளர்ந்த மிளகுக்கொடி

இல்லம்மா, இந்தப் படத்தப் பாத்து வரைய முடியாதுன்னு நான் சொல்லல. ஐடென்டி கார்டுக்கு எடுத்த படம், மொகம் வெறச்சாப்புல இருக்கு, அவ்வளவுதான். எனக்குப் படமே தேவையில்ல. உங்கம்மா மொகத்த மூணு வருசம் தெனமும் பாத்தவன் நான். அத வரையிறதுக்கு இந்தக் கை ஆகுமாங்குறதுதான் கேள்வி. நீ ஒக்காரு. அந்த ஸ்டூல்லயே ஒக்காரு, பெயின்ட் காஞ்சிருச்சு, ஒட்டாது.

குவைத்துல இருந்து நேத்துதான் வந்தியா? அப்ப பதினாறாம் நாளுக்கும் வரக் கெடைக்கல. ஆமா, அங்க வீட்டுக்காரங்க சட்டுனு விட மாட்டாங்க, உங்கம்மா சொல்லுவாங்க. கிருஷாந்தினி போன் பண்ணுச்சு, கிருஷாந்தினிக்குக் காய்ச்சலாம், கிருஷாந்தினி அடுத்த வருசம் வந்துருமாம்னு ஒண்ணு விடாம சொல்லுவாங்க. எல்கடுவ பஸ்ஸுக்கு நிக்கிற அத்தன பேருக்கும் ஒன்னத் தெரியும்மா.

என்னது? கலந்தர் நானாவா? அவரு அப்புடியா சொன்னாரு?

ம்.

சரி. அவரு பொய் சொல்லல. உங்கம்மா யாவாரம் பண்ணுன சுவருக்கு எதுத்தாப்புல அவரு மசாலாக் கட, பெரிய வராந்தா. மழையா இருக்கு பாப்பம்மா, இங்கிட்டு வந்து ஒக்காருன்னு அவரு கூப்புட்டது நெசம். உங்கம்மா போகலைங்குறதும் நெசம். ஆனா புடிவாதம் புடிச்சுச் செத்தான்னு சொன்னாரு பாரு, அத மட்டும் மனசுல வச்சுக்காத. நீ இப்ப செத்தவங்க மேல கோவமா இருக்க. பாத்தாலே தெரியுது. இரு, தேத்தண்ணி ஊத்துறேன். மொதல்ல இருந்து சொன்னாத்தான் ஒனக்கு வெளங்கும்.

சீனி போடவா? சரி.

நீ குவைத்துக்குப் போறப்ப அந்த எடம் வெறும் மண்மேடு. மானாப் புல்லும் குப்பையுமா கெடக்கும். கீழ ரோட்டோரமா சாக்க விரிச்சு உங்கம்மாவும் இன்னும் மூணு பேரும் யாவாரம் பண்ணுவாங்க. அப்பறம்தான் டவுன அழகாக்குறோம்னு ஒரு கம்பெனி வந்துச்சு. அவங்களோட ஒரு மிஸ் வந்தாங்க, துஷாந்தினின்னு. எங்க மரம் நடணும், எங்க படி வைக்கணும், ஜனங்க எங்க ஒக்காரணும்னு படம் கீறிக் குடுக்குற படிப்புப் படிச்சவங்க. சின்னப் பொண்ணுதான், ஆனா சேத்துல எங்க கூடவே நிப்பாங்க. மேட்டுல மூணு தட்டா பூந்தோட்டம் போட்டாங்க. மேட்டு மண்ணு சரியாம இருக்க, ரோட்டுப் பக்கமா பன்னெண்டடி ஒசரத்துக்கு சுவரு. சுவத்துல படம். சுவத்துக்குக் கீழ நீளமா ஒரு சிமெந்துத் திண்டு.

யாவாரம் பண்ணுறவங்கள அப்புறப்படுத்தணும்னுதான் மத்தவங்க எல்லாம் சொன்னாங்க. அசிங்கமா இருக்குமாம். மிஸ் விடல. இவங்களும் இந்த டவுனுதானே, இவங்களுக்கும் சேத்துத்தான் நான் கீறியிருக்கேன்னு நின்னாங்க. திண்டுல நாலு பேருக்கு எடம் குறிச்சுக் குடுத்தாங்க. உங்கம்மாவுக்குக் கெடச்சது நட்ட நடு. சரியா என் படத்துக்குக் கீழ.

படத்த நீ பாத்திருப்பியே, போன்ல? ஆமா, அதேதான். மிளகுக்கொடியப் புடிச்சுக்கிட்டு ஒரு பொம்பள நிப்பா. ஒரு பக்கம் கராம்பு, ஒரு பக்கம் சாதிக்கா. அதுக்கு முன்னால நான் என்ன வரைஞ்சிருக்கேன், பஸ்ஸுக்குப் பேரு, தேருக்குப் போர்டு, நர்சரி சுவத்துல யானையும் மயிலும். முப்பதடி நீளத்துக்கு ஒரு சுவர எவன் எனக்குக் குடுத்தான்? மூணு மாசம் சாரத்துலயே கெடந்தேன். மூலையில பேரு எழுதுங்கன்னாங்க மிஸ். ஊருப்பட்ட பேருக்குப் பேரு எழுதியிருக்கேன், என் பேர நான் எழுதினது அன்னைக்குத்தான். மாணிக்கவாசகம், மாத்தளை.

உங்கம்மா என்ன சொல்லுவாங்க தெரியுமா? பஸ்ஸுக்கு நிக்கிறவங்ககிட்ட, மேல நிக்கிறது நான்தான், வயசுல அப்புடித்தான் இருந்தேன்ம்பாங்க. சிங்கள ஆளுங்ககிட்டயும் சிங்களத்துலயே அதச் சொல்லி கடல விப்பாங்க. சிரி, சிரி. அவங்க சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க.

இப்ப கேளு. மேட்டுக்குள்ள எறங்குற மழத்தண்ணி வெளிய வரணும், இல்லாட்டி உள்ளயே நின்னு சுவரத் தள்ளும். அதுக்காக சுவரு முழுக்க பைப்புத் துண்டு வச்சு ஓட்ட விட்டுருந்தாங்க. மிஸ் கீறினதுலயே இருந்துச்சு. வரையிறப்பவே எனக்கு அது தொல்லதான். கன்னத்துல ஒரு ஓட்ட, கழுத்துல ஒண்ணு, நெஞ்சுல, இடுப்புல. சரி, வட்டமா கம்மல், பாசின்னு ஏதோ சமாளிச்சு வரைஞ்சுட்டேன்.

தொறப்புவிழாவுக்கு அஞ்சு நாளு இருக்குறப்ப மழ பேஞ்சுச்சு. காலையில போய்ப் பாக்குறேன், எல்லா ஓட்டையில இருந்தும் செம்மண்ணுத் தண்ணி. அவ மூஞ்சி, கழுத்து, சீல எல்லாம் கோடு கோடா வழிஞ்சு கெடக்கு. தொடச்சேன். மத்தியானம் திரும்பவும் வழியுது. பஸ்ஸுக்கு நின்ன பையனுங்க, பொம்பள ரத்தமாக் கக்குறான்னு சொல்லிப் போட்டோ புடிக்கிறாங்க. மிஸ் கொழும்புக்குப் போயிருந்தாங்க. கம்பெனி சுப்பவைசரு மட்டும் வந்து பாத்துட்டு, மாணிக்கம், பெரிய ஆளுங்க வர்றப்ப இப்புடி இருக்கக்கூடாது, ஏதாவது பண்ணுன்னுட்டுப் போனான்.

ஏதாவது பண்ணுன்னுதாம்மா சொன்னான். ஓட்டைய அடைன்னு சொல்லல. அத நான் பல தடவ நெனச்சுப் பாத்துட்டேன். அவன் மேல போட வழியில்ல.

ஆமா. நான்தான் அடைச்சேன். பைப்புக்குள்ள துணியத் திணிச்சு, மேல சிமெந்து பூசி, பெயின்ட் அடிச்சேன். எல்லாத்தையும் இல்ல, அவ ஒடம்புல இருந்த பதினொண்ண மட்டும். மத்ததெல்லாம் தொறந்துதானே கெடக்கு, தண்ணி அந்தப் பக்கமாப் போயிரும்னு நெனச்சேன். மிஸ் வந்து பாத்துட்டு, ஓட்டையெல்லாம் எங்க அண்ணன்னு கேட்டாங்க. எலைக்குள்ள மறைச்சு வரைஞ்சிருக்கேன் மிஸ், கிட்டப் போனாத்தான் தெரியும்னேன். கெட்டிக்காரன்னு சொல்லிச் சிரிச்சாங்க. நம்பிட்டாங்க.

குடி, ஆறிப் போகுது.

மொத வருசம் ஒண்ணுமில்ல. ரெண்டாவது வருசம் மழைக்குப் பொறகு, அவ இடுப்புகிட்ட மயிரு மாதிரி ஒரு வெடிப்பு. பட்டி பூசி அடைச்சேன். அந்த எடம் தனியாத் தெரிஞ்சுச்சு, அதுனால அது மேலயே மிளகுக்கொடியில ஒரு கெள இழுத்து விட்டேன். அழகா இருந்துச்சு. அடுத்த மழைக்கு வெடிப்பு இன்னுமொரு சாண் ஏறிச்சு. நானும் கொடிய ஒரு சாண் ஏத்தினேன். எல கூட வச்சேன். இப்புடியே அது நெஞ்சு வரைக்கும் போயிருச்சும்மா. ஊருல எல்லாம் நல்ல பேச்சு. மாணிக்கம் மழைக்கு மழ கொடிய வளத்து விடுறான்னு. பேப்பர்காரன் கூட வந்து படம் புடிச்சுட்டுப் போனான். நான் அவனுக்குப் பக்கத்துல நின்னு சிரிச்சிருக்கேன்.

உங்கம்மாதான் மொதல்ல கண்டுபுடிச்சது. தம்பி, இந்தக் கொடி ஏன் மழ பேஞ்சா மட்டும் வளருதுன்னு கேட்டாங்க. சும்மா கேட்டாங்களா, தெரிஞ்சு கேட்டாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. நான் என்னமோ சொல்லி மழுப்பிட்டேன். இன்னொரு நாளு கொடையக் காட்டுனாங்க. கடல வச்சு விக்கிற கண்ணாடிப் பொட்டிக்கும் சுவத்துக்கும் நடுவுல அவங்க கொடையச் சொருகி வைப்பாங்க. அது உள்ள போக மாட்டேங்குதுன்னாங்க. பொட்டிய நான் நகத்தல, சுவருதான் நகருது, ஒன் பொம்பளைக்கு வயிறு தள்ளிக்கிட்டு வருது பாருன்னாங்க. நான் சுவத்தத் தடவிப் பாத்தேன். தடவினப்பவே தெரிஞ்சுச்சு.

சொல்லியிருக்கலாம். மிஸ்ஸோட நம்பரு என்கிட்ட இருக்கு. ரெண்டு தடவ எடுத்து ரெண்டு தடவையும் வச்சுட்டேன். சொன்னா என்ன ஆகும்? சொரண்டுவாங்க. படம் போயிரும். பேரு போயிரும். இவன்தான் அடைச்சவன்னு ஊரு பூராப் பேசும். மழ முடிஞ்சா வெயிலு வரும், வெயிலு வந்தா மண்ணு காஞ்சுரும், அதுக்குப் பொறகு ஆளு இல்லாத ஒரு நாளு நானே துளச்சு விட்டுர்றேன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்.

அதுக்குள்ள போன நவம்பரு மழ வந்துருச்சு. அது எப்புடிப்பட்ட மழைன்னு நீ டீவியில பாத்திருப்ப. எல்கடுவப் பக்கம் ரோடே இல்ல. மூணு மணி இருக்கும், நான் இங்கதான் இருந்தேன். சத்தம் கேட்டுச்சு. இடின்னு நெனைக்கலம்மா நான். ஒரு நொடி கூட நெனைக்கல. அப்புடியே ஓடினேன்.

கலந்தர் நானா, நானு, த்ரீவீல்காரப் பையனுங்க, எல்லாரும் கையால தோண்டினோம். மண்ணு அள்ளுற பெக்கோ வர்றதுக்கு அஞ்சு மணியாச்சு. மத்த மூணு பேரும் அன்னைக்கு மழையில யாவாரத்துக்கே வரல. திண்டுல இருந்தது உங்கம்மா ஒரு ஆளுதான். கையில கெடச்ச கல்லு ஒவ்வொண்ணுலயும் என் பெயின்ட். ஒரு கல்லுல பாதி எல, ஒண்ணுல வெரலு. நானா கலிமாச் சொல்லிக்கிட்டே தோண்டுறாரு. நான் பக்கத்துல நின்னு தோண்டினேன்.

இயற்கை அனர்த்தம்னு கடுதாசி குடுத்தாங்க இல்ல? வச்சிருக்கியா? ஆமா, வச்சுக்க. அந்த மழையில எத்தனையோ சுவரு சரிஞ்சுச்சு, யாரும் யாரையும் கேக்கல. ஆனா நான் ரெண்டு நாளு கழிச்சுப் போய் நின்னு பாத்தேன். ரெண்டு பக்கமும் சுவரு அப்புடியே நிக்குது. கராம்பு நிக்குது, சாதிக்கா நிக்குது, ஓட்டையில தண்ணி ஒழுங்காப் போய்க்கிட்டு இருக்கு. நடுவுல அவ நின்ன எடம் மட்டும் இல்ல.

மிஸ்ஸும் வந்தாங்க. திண்டுல அந்த எடத்த நான்தானே குறிச்சுக் குடுத்தேன், ஓட்ட பத்தாமப் போச்சோ, நான் கணக்குல பெசகிட்டேனோன்னு என்கிட்டயே கேட்டு அழுதாங்க. மழதான் மிஸ், யாரு என்ன பண்ண முடியும்னு சொன்னேன். இந்த வாயாலதான்.

எந்திரிக்காத. போலிசுக்குப் போறதுன்னாப் போ, நான் எங்கயும் ஓடல. மிஸ்ஸுக்கும் நாளைக்குப் போன் பண்ணுவேன், ஒனக்கு முன்னாலயே வேணும்னாலும் பண்ணுறேன். ஆனா நீ என்னத்தக் கேக்க வந்தியோ, அதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல. எங்கம்மா ஏன் அங்கயே இருந்துச்சுன்னுதானே கேட்ட?

அன்னைக்கு விடியக்காலையில இருந்து மழ. பன்னெண்டு மணி போல கொஞ்சம் விட்டுச்சு. வெடிப்பு எம்புட்டு ஏறியிருக்குன்னு பாக்கத்தான் நான் போனேன். போனா உங்கம்மா எந்திரிச்சு நிக்கிறாங்க. கடலச் சட்டிய மூடியாச்சு, அவிச்ச வெரளிக்காயப் பொட்டலமா மடக்கியாச்சு, கண்ணாடிப் பொட்டியக் கயிறு போட்டுக் கட்டித் திண்டு ஓரத்துக்கு மெல்ல மெல்ல இழுத்து வச்சாச்சு. நானா கூப்புடுறாரு, அந்த வராந்தாவுக்குப் போறேன் தம்பின்னாங்க. அவரு சொன்னத அவங்க கேட்டாங்கம்மா. கேட்டுக் கெளம்பிட்டாங்க. புடிவாதமெல்லாம் ஒண்ணுமில்ல.

ரோட்டுல எறங்கப் போனவங்க நின்னு, சுவத்துல கைய வச்சுப் பாத்தாங்க. உள்ளுக்கு என்னமோ சத்தம் போடுது தம்பி, நீதான் இந்த சுவரத் தெரிஞ்சவன், நீ சொல்லு, நான் போகவா இருக்கவான்னு கேட்டாங்க.

நானாவுக்கு வாய் சும்மா இருக்காது. பாப்பம்மா ஏன் எடம் மாறிட்டான்னு ஊருக்கே சொல்லுவாரு. ஆளுங்க வந்து பாப்பாங்க. எனக்கு அந்த நேரத்துல அது ஒண்ணுதான் மண்டையில ஓடிச்சு.

ஒண்ணும் ஆகாதுக்கா, ஒக்காருங்கன்னேன்.

கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்தாங்க. நீ சொன்னா சரிதான்னுட்டுக் கயித்த அவுத்தாங்க. பொட்டி கனம், திரும்ப உள்ளுக்குத் தூக்க அவங்களால தனியா முடியல. ஒரு கை புடி தம்பின்னாங்க. நான்தாம்மா புடிச்சு, சுவத்தோரமா எறக்கி வச்சேன்.