ஊடு மாறிப் பொங்கின பால்

ஏனுங்க, மொதல்ல சித்தெ உக்காருங்க. கத்திக் கத்தி உங்களுக்கே மூச்சு வாங்குது பாருங்க. ஊடு உங்களுதுதானுங்க, நான் இல்லீன்னு சொல்லவே இல்லீங்களே. பூட்டை ஒடைக்கவும் இல்லீங்க. இந்தா, கதவு நெலவுலயே தொங்குது, ஒரு கீறல் இருந்தா என்னைய என்ன வேணாலும் கேளுங்க. பக்கத்து ஊட்டுச் சாவியப் போட்டேன், தொறந்துக்கிச்சு. உள்ள வந்தேன், அடுப்பப் பத்த வெச்சேன், பாலையும் பொங்க வெச்சுப்போட்டேன். இப்ப நீங்க எதுத்த ஊட்டுல இருந்து ஓடி வந்து, ஏம்மா, காலியாக் கெடந்தாலும் இது எங்கூடுங்கறீங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடலீங்க.

ஆமாங்க, பக்கத்து ஊட்டுக்குக் குடி வந்தவங்கதானுங்க நாங்க. உங்க தம்பி ஊடு. அவரு திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்காருங்களாமா, நாங்க இன்னும் மொகத்தைக்கூடப் பாக்கலீங்க. எல்லாமே புரோக்கர் சென்னகேசவண்ணன் மூலமாத்தான். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி கொளத்துப் பக்கமா நடந்து வா அம்மணி, பச்சைக் கதவு போட்ட ஊடுன்னாரு. வந்து பாத்தா ரெண்டு பச்சைக் கதவுங்க! ஒரே மாதிரி ஜன்னலு, ஒரே மாதிரி மூனு படி. ரெட்டைப் புள்ளைங்களாட்டம் நிக்குதுங்க ரெண்டூடும். யாரா இருந்தாலும் தடுமாறித்தான் போவாங்க.

அப்படிங்களா? உங்கய்யன் கட்டினதுங்களா? எழுபத்தாறுலயா, அட, இருவது வருசமாச்சுங்க. ரெண்டு பசங்களுக்கும் ஒன்னு மாதிரியே கட்டி, பூட்டும் ஜோடியா வாங்கி, ரெண்டுக்கும் ஒரே சாவியா? அதுதானுங்க தொறந்திருக்குது! எனக்கு இப்பத்தான் உசுரு வந்துச்சுங்க. பாருங்க, ஒரு சாவி போதும்ன்னு அந்தப் பெரியவரு நெனச்சிருக்காரு. அண்ணந்தம்பி நடுவால செவுரு வரும்ன்னு அவருக்கு எப்படித் தெரியும்.

சாமானுங்களா? எங்கூட்டுக்காரரு டெம்போல கொண்டாந்துட்டு இருக்காருங்க. அத உடுங்க, பாலு ஆறிப்போகுது. இந்தாங்க. வேண்டாங்கக் கூடாதுங்க, பால் காய்ச்சின பாலு. கோவிச்சுக்கிட்டு வந்தாலும் ஒரு வாயாவது குடிச்சுட்டுத்தான் போகோணும், இல்லீன்னா குடி வந்த எங்களுக்கும் ஆகாது, ஊடு வெச்சிருக்கற உங்களுக்கும் ஆகாது. ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கேனுங்க. அதோ பாருங்க, கெழக்கால பாத்து எப்படிப் பொங்கி வழிஞ்சிருக்குது. உங்கூடு நல்லா இருக்கும்ங்க.

எங்களுக்கு ஆனைமலைப் பக்கமுங்க. ஆனைமலைல எங்கயா? அத நெதானமாச் சொல்றேனுங்க, எங்க போயிரப் போறேன். நீங்க மொதல்ல குடிங்க, சூடா இருக்கறப்பத்தான் ருசி.

எம்பேரு மாசாணியம்மாளுங்க. எங்கூட்டுக்காரரு ஆறுச்சாமி. இங்க ஒரு பவுண்டரில மோல்டிங் வேலைங்க, மோட்டருக்குப் பாடி வார்க்கறாங்களே, அது. மூனு வருசமா பட்டறைக்குள்ளயே நாலு ஆம்பளைங்களோட படுத்துக் கெடந்துட்டு, சனிக்கெழமை பொழுதோட பஸ்ஸேறி ஊருக்கு வருவாரு. சட்டையத் தொவைச்சா தண்ணி கருப்பாப் போகுமுங்க. அப்படியே ஓட்டிப்போடலாம்ன்னுதான் இருந்தோம். ஆனா எம் பெரியவ எட்டாவது பாஸாயிட்டாளுங்க. எங்கூர்ப் பள்ளிக்கூடம் எட்டோட சரி. ஒம்பதாவதுக்கு இங்க பொண்ணுங்க பள்ளிக்கூடத்துல எடம் கெடச்சிருச்சு. கணக்குல தொண்ணூத்தேழுங்க! டீச்சரம்மாவே, இந்தப் புள்ளைய ஆட்டுக்கும் மாட்டுக்கும் அனுப்பிப்போடாதீங்கன்னு சொல்லிப்போட்டாங்க. அங்க டீசி வாங்கியாச்சு, இங்க திங்கக்கெழமை பள்ளிக்கூடம் தொறக்குது. இந்த ஊடும் நெலைக்கலீன்னா அவ படிப்பு அவ்வளவுதானுங்க. பள்ளிக்கூடம் ஒரு ஊர்ல, அவ ஒரு ஊர்ல.

சும்மா கெடச்சிரலீங்க இந்த ஊடு. மூனு மாசம் அலைஞ்சோம். கோயமுத்தூர்ல பொண்ணு பாத்துரலாம், ஊடு பாக்க முடியாதுங்க.

துடியலூர்ல ஒரு அம்மா. எத்தனை பேருன்னாங்க. நாலு பேருன்னேன். ஊர்ல இருந்து ஒறம்பரை, சொந்தபந்தம் வருவாங்களான்னாங்க. வருவாங்கன்னேன். வந்தா எத்தனை கொடம் தண்ணி புழங்குவாங்கன்னு கேட்டாங்க பாருங்க! ஒறம்பரைய எடைபோட்டு உள்ள உடறதுக்கு நான் தராசா வெச்சிருக்கேன்?

காந்திபுரத்துல ஒரு லாட்ஜுக்குப் பின்னால ஒரு ரூமு. மாடிப்படி ரூமுக்குள்ளயே எறங்குதுங்க. மேல ஊட்டுக்காரங்க எறங்கி வந்தா எங்க சோத்துச் சட்டியத் தாண்டித்தான் போகோணும். என் சின்னவனுக்கு அந்த ஊடு அப்படிப் புடிச்சுப் போச்சு, தெனமும் வேடிக்கை பாக்கலாமாம்!

இன்னொருத்தரு இருந்தாருங்க, பீளமேட்டுல. கருவாடு கூடாது, மொளகா வறுக்கக் கூடாது, அம்மி அரைக்கக் கூடாது, புள்ளைங்க ஓடக் கூடாது, எட்டு மணிக்கு மேல கதவத் தொறக்கக் கூடாது. எங்கூட்டுக்காரரு வாயே தொறக்க மாட்டாருங்க, அன்னைக்குத் தொறந்துட்டாரு. ஏனுங்க, மூச்சு உடலாமுங்களான்னு கேட்டுப்போட்டாரு. அந்த ஊடும் போச்சு.

ஆனா ஒன்னு சொல்லோணுமுங்க, உங்கூரு மரியாதையான ஊரு. போ வான்னு ஒருத்தர் சொல்ல மாட்டாங்க. வாங்க, உக்காருங்க, மோரு குடிக்கறீங்களாங்க. அப்புறம் மெதுவா வரும். எந்த ஊருங்க? ஊர்ல எந்தப் பக்கமுங்க? கோயிலு எதுங்க? எந்தப் பண்ணையத்துல இருந்தீங்க? யாரும் நேராக் கேக்க மாட்டாங்க. சுத்திச் சுத்தி வந்து, ஆளு இன்னார்ன்னு தெரிஞ்சதும், அடடா நேத்துத்தான் ஒருத்தரு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாருங்களேம்பாங்க. மோரும் வராது. ஒம்போது ஊட்டுல இதே பதிலுங்க. அந்த அட்வான்ஸ் குடுக்கற மவராசன் யாருன்னே தெரியல, கோயமுத்தூரு பூராம் ஊட்டப் புடிச்சு வெச்சிருக்கான்!

சிரிச்சுட்டீங்க! சிரிச்சா நல்லாத்தானுங்க இருக்கீங்க. குடிங்க, குடிங்க.

கோட்டைமேட்டுல ஒரு அம்மா இருந்தாங்க, உம்மல் குல்சும்ன்னு பேரு. மாடி போர்சன் காலின்னு சொன்னாங்கன்னு போனோம். போய்ப் பாத்தா அது அவங்க தங்கச்சி பையனுக்குன்னு முன்னமே பேசியாச்சாம். நெசமாவேங்க, அந்தப் பையன் பொட்டியோட அக்கட்டயே உக்காந்திருந்தான். இத்தனை தூரம் வந்துட்டு வெறும் வயித்தோட போறதான்னு புடிச்சு உக்கார வெச்சுட்டாங்க. டீயப் போட்டு, அவங்க ஒரு டம்ளரு, எனக்கு ஒரு டம்ளரு, ரெண்டும் ஒரே மாதிரி. மூனு மாசத்துல எங்கைல டம்ளரக் குடுத்த மொத ஆளு அவங்கதானுங்க. எனக்கு அழுவாச்சி வந்துருச்சு. அவங்க சொன்னாங்க, ஊடு எப்படியும் கெடைச்சுரும்மா, பக்கத்தூட்டுச் சனத்தைச் சம்பாரிக்கறதுதான் கஷ்டம், ஒருத்தரு ஒன் அடுப்புல வெச்சத ஒரு வாயி குடிச்சுட்டாருன்னா அப்புறம் ஒன்னையத் திட்டறதுக்கு அவருக்கு வாயி வராதுன்னு.

ஆனைமலைல எந்தப் பக்கம்ன்னா கேக்கறீங்க? சொல்றேனுங்க, சொல்லாமயா போறேன்.

கொழா விசயமும் எங்களுக்குத் தெரியுமுங்க. சென்னகேசவண்ணன் மறைக்காமச் சொல்லிப்போட்டாரு. பாகம் பிரிச்சப்ப கெணறு தம்பி பக்கம், சிறுவாணி நல்ல தண்ணிக் கொழா உங்க பக்கம். ரெண்டு பேருக்கும் பொதுன்னு பத்தரத்துலயே எழுதியிருக்குதாம். ஆனா கொழாய்க்கு நீங்க பூட்டுப் போட்டு வெச்சிருக்கீங்க. அந்தூட்டுக்குக் குடி வந்த மூனு குடும்பமும் ரெண்டு மாசம் தாங்கலியாம். கெணத்துத் தண்ணி உப்புங்க, பருப்பு வேகாது. அந்தக் குடும்பத்துக்காரங்க கொடத்தத் தூக்கிட்டு வந்தா, ஓனரக் கூட்டிட்டு வான்னு சொல்லி அனுப்பிப்போடுவீங்களாமா. நெசங்களா?

தம்பி மேல கோவம்ன்னா தம்பியத் திட்டுங்க, நாலு அடி வேணாலும் போடுங்க. கொழா என்னுங்க பண்ணுச்சு? சரி, சரி, அது உங்க குடும்ப விசயம். ஒன்னு உட்டு ஒரு நாளு, காலைல ஏழு மணிக்குத்தானுங்களே தண்ணி வருது? அப்ப நாளைக்கு.

அப்பாடா, டம்ளரு காலி. சக்கரை சரியா இருந்துச்சுங்களா? எனக்குக் கொஞ்சம் கை தாராளம்.

இப்பக் கேளுங்க. எந்தப் பக்கம்ன்னு ரெண்டு வாட்டி கேட்டுட்டீங்க, இனியும் சொல்லாம இருந்தா மரியாதை இல்லீங்க. ஊருக்குள்ள இல்லீங்க, தெக்கால தள்ளி எங்க சனம் மட்டும் குடியிருக்கற வளவு. தென்னந்தோப்புல காட்டு வேலை பாத்த சனமுங்க. மூனு வாரத்துக்கு மிந்தியும் உங்ககிட்ட இதையேதானுங்க சொன்னேன்.

ஞாபகம் இல்லீங்களா? இந்த ஊட்டுக்கு நீங்க டூலெட் போர்டு போட்டிருந்தீங்களே, அந்தா, அது இன்னும் மூலைல சாஞ்சு கெடக்குது. அதப் பாத்துட்டு எதுத்தாப்புல உங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னது நாங்கதானுங்க. நானும் அவரும் பெரியவளும். நீங்க சேர்ல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தீங்க. எந்த ஊருன்னீங்க, சொன்னேன். ஊருக்குள்ளயா வளவான்னீங்க, சொன்னேன். பையன் பெங்களூர்ல இருந்து வாரான், ஊடு அவனுக்கு வேணும்ன்னு சொல்லிப்போட்டீங்க. பேப்பர்ல இருந்து தலையத் தூக்கவே இல்லீங்க, அதனால எம்மூஞ்சி உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. வெயிலுங்க அன்னைக்கு. எம் பெரியவ, தாத்தா, கொஞ்சம் தண்ணி குடுங்கன்னா. தெரு மொனைல பொதுக் கொழா இருக்குது, அங்க போய்க் குடி கண்ணுன்னீங்க. கண்ணுன்னுதானுங்க சொன்னீங்க, கொறையே சொல்ல முடியாது.

அவ அழுவலீங்க. பஸ்ஸுல திரும்பிப் போறப்ப, ஏம்மா, பேப்பர் படிக்கறவருக்கு இதெல்லாம் தப்புன்னு தெரியாதான்னு மட்டும் கேட்டா. பக்கத்தூடே கெடைச்சப்ப எங்கூட்டுக்காரரு வேண்டவே வேண்டாம்ன்னாரு. நான்தான், ஊடு தம்பியோடது, தண்ணி சிறுவாணியோடது, அந்த அய்யாவ நான் பாத்துக்கறேன்னு கூட்டியாந்தேன்.

அதனால ஊடு மாறியெல்லாம் வரலீங்க. எது உங்கூடு எது தம்பியூடுன்னு அன்னைக்கே தெரியும். ஜோடிப் பூட்டுன்னும் சென்னகேசவண்ணன் முன்னாலயே சொல்லிப்போட்டாரு. டெம்போ விடியக்காலமே வந்துட்டுப் போயிருச்சு. சாமானெல்லாம் பக்கத்தூட்டுலதான் எறக்கி அடுக்கி வெச்சிருக்குதுங்க, எட்டிப் பாருங்க. எங்க பாலு அங்க ஆறு மணிக்கே பொங்கிருச்சு. இங்க நான் கொண்டாந்தது இந்த அடுப்பு, ஒரு போசி, ஒரு டம்ளரு. இது ரெண்டாவது பாலுங்க. உங்களுக்குன்னு காய்ச்சினது.

இப்படிக் கொண்டாந்து உங்க வாசல்ல நீட்டியிருந்தா, வெச்சுட்டுப் போன்னு சொல்லியிருப்பீங்க. பொகையப் பாத்து நீங்களே ஓடி வந்தீங்க. சொல்லாமக் குடுத்தது தப்புத்தானுங்க, அதுக்கு நாலு வார்த்த திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா உள்ள போன பாலு உள்ள போனதுதான். உங்களுக்கு ஒன்னும் ஆகலீங்களே? சிரிக்கக்கூடச் செஞ்சீங்க. இந்த ஊடு எங்களுக்கு வேண்டாங்க, அடுப்பு அணைஞ்சதும் தொடைச்சு, மொழுகி, பூட்டிச் சாவியோட கெளம்பிருவேன். நாளைக்கு ஏழு மணிக்கு எம் பெரியவ கொடத்தோட வருவா. அவளப் பாக்கறப்ப மட்டும் பேப்பர்ல இருந்து தலையத் தூக்குங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது.

அந்த டம்ளர ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? கீழ வைங்க, நான் கழுவிக்கறேன். கோவம்ன்னா கோவம்ன்னு சொல்லிப்போடுங்க, இப்படி டம்ளரையே பாத்துட்டு இருந்தா எனக்குப் பயமா இருக்குதுங்க. இத்தனை நேரம் தொணதொணன்னு பழமை பேசினது பூராம் பயத்துலதானுங்க.

என்னுங்க?

இன்னுங் கொஞ்சமா?

இருக்குதுங்க, இருக்குதுங்க, போசில இருக்குது. நல்லா நீட்டிப் புடிங்க. பாத்துங்க, சுடும்.